பெரிய கட்லாவுக்கு எந்த ரீல்? ஓட்டத்தின் நடுவில் தங்கூசி அறுந்துவிடுகிறது

சந்தேகம் (பாளையங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். மானூர்ப் பக்கத்துக் குளம் ஒன்றில், மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி பெற்றுத் தூண்டில் போட்டு வருகிறேன். ரோகு, மிர்கால் எல்லாம் இரண்டு மூன்று கிலோ வரை சிரமமின்றிக் கரைக்கு வருகின்றன. பெரிய கட்லா மாட்டினால் மட்டும், தொடக்கத்தில் சீராக ஓடிய தங்கூசி (நைலான் தூண்டில் நூல்), மீன் வெகுதூரம் போன பிறகு, நான் டிராக்கை (மீன் பலமாக இழுத்தால் தங்கூசியை நழுவவிடும் திருகு அமைப்பு) தொடாமலேயே இறுகிக்கொண்டே போய் அறுந்துவிடுகிறது. என்னிடம் இருப்பது 2500 எண் ரீல், ஸ்பூலில் (தங்கூசி சுற்றும் உருளை) 0.25–160 என்று அச்சிட்டிருக்கிறது. குளத்துக்குள் கருவேல மரங்கள் நிற்பதால் 0.35 மி.மீ. தங்கூசி சுற்றியிருக்கிறேன், அதன் தாங்குதிறன் 7 கிலோ. கடைக்காரர் கடலுக்கான 10000 எண் ரீலை வாங்கச் சொல்கிறார்; நண்பரோ பேரிங் அதிகமுள்ளதைப் பார்த்து வாங்கு என்கிறார். எதை நம்பிப் பணம் போடுவது?

மறுமொழி (சேரன்மகாதேவி)

தம்பி, ரீலைப் பற்றிப் பேசுவதற்கு முன் அறுந்த நுனியைப் பார்த்துச் சொல்லுங்கள். சொரசொரப்பாக இருந்தால் முள்ளில் உரசியிருக்கிறது. பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. டிராக் எத்தனை கிலோவில் நழுவுகிறது என்பதையும் கொக்கித் தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள்.

சந்தேகம் கேட்டவர்

பார்த்தேன், அண்ணாச்சி. நுனியில் உரசலும் இல்லை, சுருளும் இல்லை. முடிச்சை ஒட்டியே அறுந்திருக்கிறது. டிராக் 3 கிலோவில் நழுவுகிறது.

மறுமொழி (சேரன்மகாதேவி)

அப்படியானால் காரணம் ஸ்பூலின் கொள்ளளவுதான். 0.25–160 என்றால் 0.25 மி.மீ. தங்கூசி 160 மீட்டர் பிடிக்கும் என்று பொருள். கனம் கூடும்போது நீளம் கனத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், அதே ஸ்பூலில் 0.35 சுற்றினால் ஏறத்தாழ 80 மீட்டர்தான் நிற்கும். நீங்கள் 40 மீட்டர் வீசியதுமே பாதி போய்விடுகிறது. மீதியை மீன் இழுக்க இழுக்க ஸ்பூலில் சுற்றின் விட்டம் சிறுத்துக்கொண்டே வரும். விட்டம் சிறுத்தால், டிராக்கின் திருகைத் தொடாவிட்டாலும் அதே டிராக்கை நழுவவைக்க மீன் கூடுதல் விசையோடு இழுக்க வேண்டும். நிறைந்த ஸ்பூலின் ஆரம் 24 மி.மீ. ஆக இருந்து 15 மி.மீ.க்கு இறங்கினால், உங்கள் 3 கிலோ 4.8 கிலோவாகிறது. அதோடு, வளைந்த ராடின் வளையங்களில் ஏற்படும் உராய்வும் சேர்கிறது. முடிச்சு விழுந்த இடத்திலோ தங்கூசிக்கு முழுப் பலம் இருப்பதில்லை. அறுந்தது அங்கே என்பதில் வியப்பில்லை.

ஆகவே எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 4000, இன்னொரு கம்பெனியின் 5000 அளவுக்கு இருக்கும். ஸ்பூலின் அச்சைப் பாருங்கள். 0.35 மி.மீ. தங்கூசி 200 மீட்டர் அளவுக்குப் பிடிக்கும் ரீல் நம் குளங்களுக்குத் தாராளம். அயல்நாட்டில் கெண்டை பிடிப்பவர்கள் 10000 எண் ரீல் வைத்திருப்பது, நூறு மீட்டருக்கும் அப்பால் வீசிவிட்டு ராடைத் தாங்கியில் வைத்துக் காத்திருப்பதற்காக. கையில் பிடித்தபடி மிதப்பைப் பார்த்து நிற்பவருக்கு அது வெறும் மணிக்கட்டு வலிதான். பேரிங் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடையிலேயே தங்கூசியை இழுக்கச் சொல்லி, டிராக் நழுவத் தொடங்கும் அந்த முதல் கணத்தைக் கவனியுங்கள்: வெடுக்கென்று விடுபட்டால் அந்த ரீல் வேண்டாம், வழுக்கிக்கொண்டு விடுபட்டால் எடுக்கலாம்.

மறுமொழி (களக்காடு)

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடியில் மேயும் மிர்காலுக்கோ சாதாக் கெண்டைக்கோ ஈயம் கட்டி ராடைக் கரையில் வைப்பதாக இருந்தால், பின்பக்கம் சிறு நெம்புகோல் உள்ள பைட்ரன்னர் வகை நல்லது. மீன் இரையோடு ஓடும்போது ஸ்பூல் தடையின்றிச் சுழலும், கைப்பிடியைத் திருப்பியதும் டிராக் வேலைக்கு வந்துவிடும். கட்லா மேல்நீரில் மேய்வது. மிதப்பு கட்டிக் கையில் பிடித்திருப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

சந்தேகம் கேட்டவர்

மிக்க நன்றி. மிதப்புதான் கட்டுகிறேன், அச்சைப் பார்த்துச் சாதாரண வகையையே வாங்கிக்கொள்கிறேன். புதிய ரீலில் டிராக்கை எவ்வளவுக்கு வைப்பது?

மறுமொழி (சேரன்மகாதேவி)

தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். 7 கிலோவுக்கு 2 கிலோ போதும். கருவேல மரத்தை நோக்கி மீன் திரும்பினால், திருகை முடுக்காமல், ஸ்பூலின் விளிம்பை விரலால் அணைத்துப் பிடியுங்கள். ஆபத்து நீங்கியதும் உடனே விட்டுவிடலாம். தங்கூசியை ஸ்பூல் விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. கீழே வரை நிறையச் சுற்றுங்கள். டிராக் நழுவிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றவே கூடாது. 5:1 பல்விகிதமுள்ள ரீலில் ஒவ்வொரு சுற்றுக்கும் தங்கூசியில் ஐந்து முறுக்கு ஏறும்.