வீட்டில் துணித் தோணி கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முத்தையன்கட்டான்:
கட்டிய கதையை நீட்டவில்லை. நெடுக்குக்குக் கமுகஞ்சலாகை, விலாவுக்கு ஊறவைத்து வளைத்த பிரம்பு, மூட்டெல்லாம் வலை நூல் கட்டு, மேலே நைலோன் துணி, மூன்று பூச்சு பெயின்ற். 12 அடி, 14 கிலோ. தனி ஆளாகத் தோளில் வைத்துக் குளக்கட்டில் ஏறினேன். மனதை விட்டுப் போகாதது வேறு. நடுக்குளத்தில் தண்ணீருக்குள் நின்ற பட்ட மரக்கட்டை ஒன்று அடியில் உரசியது. துணி கிழியவில்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே துணியை மேலே தள்ளிக்கொண்டு, சாக்குக்குள் முயல் ஓடுவது போல, முன்னிருந்து பின்வரை போனது. இரண்டு வருடமாகத் தோணி கொட்டிலில் தொங்குகிறது. வேறு யாருக்காவது இப்படி?

கிளிநொச்சித் தம்பி:
2018 மார்கழி வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்து, எங்கள் வளவில் இடுப்பளவு தண்ணீர். என்னுடையது தறப்பாள் போர்த்தியது. ஆச்சியின் மறி ஆட்டை ஏற்றி, நான் நடந்து தள்ளினேன். பாதி வழியில் அது எழும்பி நின்றது. ஒரு குளம்பு 'டப்' என்று தறப்பாளைக் குத்திக்கொண்டு இறங்கிவிட்டது. காலை எடுத்தால் தண்ணீர் ஏறும். கழுத்தைக் கட்டிப்பிடித்து, காலை ஓட்டையிலேயே விட்டு, றோட்டுவரை தள்ளினேன். ஆடு கத்தவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

நெடுங்கேணித் தச்சன்:
தண்ணிமுறிப்புக் குளத்தில் முதல் நாளே பக்கத்தில் முதலை தலை தூக்கியது, திரும்பிவிட்டேன். என் கதை அவ்வளவுதான்.
தம்பி, உள்ளே சலாகைத் தட்டு போடாமல் ஆட்டை ஏற்றலாமா? முத்தையன்கட்டு அண்ணை, பிழை துணியில்தான். நைலோன் ஈரம் குடித்தால் தளரும். பொலியெஸ்டர் எடுத்து இழுத்துத் தைத்து, இஸ்திரிப்பெட்டியால் தேயுங்கள், சுருங்கி மத்தளம் போல இறுகும். சூடு கூடினால் உருகிவிடும், முதலில் வெட்டுத்துண்டில் பாருங்கள். விலா துணியில் முட்டக்கூடாது, நெடுக்குச் சலாகை மட்டும் முட்டட்டும். ஆணி வேண்டவே வேண்டாம். கட்டு அசைந்து கொடுக்கும், ஆணி சலாகையை வெடிக்க வைக்கும்.

வவுனிக்குளத்து அக்கா:
தச்சன் அண்ணை, அவர் தோணி பிழை என்று கேட்கவில்லையே. அந்தத் துணி தளர்ந்து கொடுத்ததால்தான் கட்டை வழுக்கிப் போயிருக்கிறது. மத்தளம் போல இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நானும் நைலோன்தான் போர்த்தினேன். வெயில் நேரம் உள்ளே இருந்தால் தண்ணீர்மட்டம் துணியில் கோடாகத் தெரியும், அலைக்கு அலை அந்தக் கோடு ஏறி இறங்கும். அதைப் பார்க்கவே போவேன். முத்தையன்கட்டுத் தம்பி, உரசிய இடத்தைப் பார்த்தீர்களா?

முத்தையன்கட்டான்:
இல்லை அக்கா. இப்போதுதான் ரோச் அடித்துப் பார்த்தேன். பெயின்ற் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்திருக்கிறது. நூல் ஒன்றும் அறவில்லை.