ஒயில் சேர்ஜ்: ‘எழுச்சி’ வேண்டாம், ‘ஒதுங்கல்’ சரியா?

கல்லடியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பழைய சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்துவது பற்றிய நமது கையேட்டில் ‘ஒயில் சேர்ஜ்’ (வளைவிலோ பிறேக்கிலோ எஞ்சின் ஒயில் ஒரு பக்கமாகப் போய்க் கிடப்பது) என்பதை ‘எண்ணெய் எழுச்சி’ என்று எழுதியிருக்கிறோம். அதை மாற்றியே ஆகவேண்டும். எழுச்சி என்று வாசிக்கிற மெக்கானிக், ஒயில் பிறஷர் ஏறுகிறது என்றே விளங்கிக்கொள்வார். நடப்பது நேர்மாறு, பிறஷர் விழுகிறது. ஆளைப் பிழையான பக்கம் பார்க்கவைக்கிற சொல் இல்லாமலிருப்பதே மேல்.

மோட்டார் சைக்கிள் வளைவில் சரிந்து போகும். சரிவதால் எடையும் மையநீக்க விசையும் சேர்ந்து எப்போதும் சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் தொட்டியின்) அடியை நோக்கியே அழுத்தும், ஒயில் இடம் மாறாது. கார் அப்படிச் சரியாது. பக்க ஆர்முடுகல் 0.5 ஜீ (புவியீர்ப்பில் பாதி) என்றால் ஒயிலின் மேற்பரப்பு 27 பாகை சாயும், 0.8 ஜீ என்றால் 39 பாகை. பம்பின் உறிஞ்சு வாய் வெளியே தெரிந்துவிடும்.

ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற், எம்ஜி மிட்ஜெற் போன்ற பின்சில்லு ஓட்டக் கார்களில் எஞ்சினை 90 பாகை திருப்பி வைக்கிறோம். செயின் பூட்டும் பல்லுச் சில்லு இருந்த இடப்பக்கம் காரின் பின்புறம் பார்க்கும். (அப்படி வைத்தால்தான் பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புறப்பெலர் சாப்ற் சரியான பக்கம் சுற்றும், பின் அச்சின் டிவ்ரென்சலில் கைவைக்கத் தேவையில்லை.) இப்போது எஞ்சினின் முன்பக்கம் காரின் இடப்பக்கத்தில் இருக்கிறது. கார் வலப்பக்கம் வளைந்தால், சைக்கிளில் பிறேக் பிடித்தபோது ஒயில் போன அதே பக்கம் இப்போதும் போகும். எஞ்சினுக்கு அது பழகிய திசைதான், ஆனால் சைக்கிளில் அது சில வினாடிகள்தான். நீண்ட வளைவில் ஒயில் அங்கேயே கிடக்கும். கார் பிறேக் பிடிக்கும்போதோ ஒயில் கிறாங் சாப்ற்றின் (எஞ்சினின் பிரதான சுழல்தண்டின்) நீளப்பாட்டில் ஓடும். அந்தப் பக்கமாக அது சைக்கிளில் ஒருநாளும் ஓடியதில்லை.

ஆகவே ‘எண்ணெய் ஒதுங்கல்’ என்று வைப்போமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

கல்லடி அண்ணனுக்கு, ‘எழுச்சி’ போகட்டும். ‘அலைவு’ என்றும் யாரும் கொண்டுவர வேண்டாம். உயர்தரப் பௌதிகத்தில் அது மாறிமாறி நிகழும் ஊசலாட்டத்துக்கு உரிய சொல். ஆனால் ‘ஒதுங்கல்’ என்றதும் ‘ஒதுக்கீடு’ ஞாபகம் வருகிறது. குடத்துத் தண்ணீர் தளம்புகிறது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ‘எண்ணெய்த் தளம்பல்’ போதாதா?

அடுத்த பக்கத்தில் இதன் விளைவுக்கு, அதாவது பம்புக்கு ஒயில் எட்டாமற்போவதற்கு, ‘எண்ணெய்ப் பஞ்சம்’ என்று போட்டிருக்கிறது. அதையும் இதோடு சேர்த்துப் பேசுவோம்.

கல்லடியிலிருந்து:

தம்பி, தளம்பல் நல்ல சொல், அது நமக்கு வேண்டும். ஆனால் வேறு இடத்துக்கு. தளம்பல் போய்வரும். ஒதுங்கின ஒயில் வளைவு முடியும்வரை திரும்பி வராது. எஞ்சினைக் கொல்வது அந்தத் திரும்பி வராமைதான். நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் கனெக்டிங் றொட் பெயாரிங்குக்கு ஒயில் சில வினாடி போகாவிட்டாலே உலோகத்தோடு உலோகம் உரசிவிடும். வினையாக்கியும் பார்க்கலாம்: ‘வலது வளைவில் ஒயில் ஒதுங்குது’. மெக்கானிக் வாயில் இது அப்படியே வரும். ஒதுக்குவது வேறு, ஒதுங்குவது வேறு. ஒதுங்குவது தானாக நடப்பது. அதனால் குழப்பம் வராது.

‘பஞ்சம்’ பற்றியும் பேசவேண்டும் என்று நீர் சொன்னது சரி. பஞ்சம் என்றால் ஒயில் குறைவு என்றாகும். அளவுக் கண்ணாடியில் பார்த்தால் நிறைய இருக்கும். ‘காணாது போல’ என்று அரை லீற்றர் கூட ஊற்றுவார்கள். இந்த லீற்றர் வகுப்பு (ஏறத்தாழ 1000 சிசி) எஞ்சின்கள் பிடிப்பதே 3 முதல் 4 லீற்றர். அளவுக்கு மேல் விட்டால் கிறாங் ஒயிலில் அடித்து நுரைக்கும், நுரை பிறீதர் (எஞ்சின் காற்றுப்போக்கி) வழியே வெளியே தள்ளும். அதற்கும் மேலாகக் காருக்கு வாங்கிய ஒயிலை ஊற்றிவிட்டால் கிளச் வழுக்கும். கிளச் தகடுகள் அதே ஒயிலில்தான் கிடக்கின்றன, ஆகவே மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தரம் கட்டாயம். பிழையான ஒரு சொல்லால் இவ்வளவும் வரும்.

திருக்கோவிலிலிருந்து:

இரண்டு பேரும் விளைவை ஒயில் பக்கமிருந்தே பார்க்கிறீர்கள். பம்ப் பக்கமிருந்து பாருங்கள். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் உறிஞ்சு குழாய் தண்ணீருக்கு மேலே வந்தால் நம் ஆட்கள் என்ன சொல்வார்கள்? ‘காத்து இழுக்குது.’ இங்கேயும் அதேதான். ‘காற்றிழுப்பு’ என்று வையுங்கள். வேளாண்மை செய்கிறவருக்கும் கராஜில் நிற்கிறவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டு சொல்லும் தனித்தனியே இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒதுங்கல் இல்லாமலும் காற்றிழுப்பு வரும். ஸ்பிரைற் போன்ற தாழ்ந்த காரில் சம்ப் நிலத்தில் முட்டாமலிருக்க அதை வெட்டி ஆழம் குறைத்து அலுமினியத் தகடு வெல்ட் பண்ணுவார்கள். திரும்பப் பூட்டும்போது உறிஞ்சு குழாயின் ஓ-றிங் (றப்பர் வளையம்) கிழிந்திருந்தால் நேர் ரோட்டிலும் காற்று இழுக்கும். வெல்ட் சூட்டில் சம்பின் விளிம்பு வளைந்தால் அங்கே ஒயில் கசியும், ஆனால் காற்று இழுக்காது. வளைவில் மட்டும் பிறஷர் விழுந்தால் ஒதுங்கல், எங்கும் விழுந்தால் ஓ-றிங்கையும் ஒயில் அளவையும் பார். சொல்லே சோதனையைக் காட்டிக்கொடுக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அக்கா சொன்னதோடு எனக்கு உடன்பாடு. தளம்பலை விட்டுவிடுகிறேன். இனி, சம்புக்குள் ஒயில் ஓடாமல் தடுக்கும் ‘பஃபிள்’. ‘மறிப்புத் தகடு’ என்றே எழுதுவோம். அதில் ஒயிலை உறிஞ்சு வாய்ப்பக்கம் விட்டுத் திரும்பவிடாமல் மூடும் சிறு கதவுக்கு ‘ஒருவழி வக்கடை’ என்று வைக்க ஆசை. தண்ணீர் பாய்ச்ச வயல் வரம்பில் வெட்டிய வக்கடை செய்கிற வேலைதானே! வெளியூர் வாசகருக்கு ஒருமுறை விளக்கினால் போதும். ‘ட்றை சம்ப்’புக்கு ‘உலர் சம்ப்’ எனக்குப் பிடிக்கவில்லை. அது உலர்ந்து கிடப்பதில்லை. விழும் ஒயிலை இன்னொரு பம்ப் உடனே உறிஞ்சி வெளியே உள்ள தொட்டிக்கு அனுப்புகிறது. ‘வெளித்தொட்டி முறை’ என்றால் காரியம் தெரியும்.

கல்லடியிலிருந்து:

வக்கடைக்கு என் முழுச் சம்மதம். கையேட்டின் பந்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்:

“சம்பை வெட்டிக் குறைக்கும்போது உறிஞ்சு குழாயையும் அதேயளவு குறைக்கவும். வாய்க்கும் அடிக்கும் இடையில் 6 முதல் 10 மில்லிமீற்றர் இருக்கட்டும். வாயைச் சுற்றி நாலு பக்கமும் மறிப்புத் தகடும் ஒருவழி வக்கடையும் வைக்கவும். பிறேக்கில் ஒயில் ஓடும் பக்கத்தையும் மறக்கவேண்டாம். கிறாங் சாப்ற்றுக்குக் கீழே மேல்மூடித் தகடும் வேண்டும், இல்லாவிட்டால் ஒயில் தகட்டுக்கு மேலால் ஏறிப் போய்விடும். பிறஷர் லாம்பை நம்பவேண்டாம், பிறஷர் கிட்டத்தட்ட இல்லாமற்போன பிறகே அது எரியும். ஊசி மீற்றர் பூட்டவும். கல்முனைப் பாதையில் நேரே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு மகியங்கனைப் பதினெட்டு வளைவுக்குக் கொண்டுபோகவேண்டாம். முதலில் வெறும் மைதானத்தில் 20 மீற்றர் ஆரையில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வட்டமடிக்கவும், அது 0.5 ஜீ. ஒயில் நன்றாகச் சூடேறிய பிறகு, இடமாகவும் வலமாகவும் பத்துப் பத்து வினாடி. ஒரு பக்க வளைவில் மட்டும் ஊசி விழுந்தால் அது எண்ணெய் ஒதுங்கல்: ஒயில் ஒதுங்கிய வெளிப்பக்க வக்கடையைத் திறந்து பார்க்கவும். நேரே ஓடும்போதும் விழுந்தால் காற்றிழுப்புக்கு வேறு காரணம் தேடவும். எதுவானாலும் ஊசி விழுந்த கணமே கிளச்சை மிதித்து எஞ்சினை நிறுத்தவும்.”