கிளிநொச்சிப் பக்கம் யாராவது உதவ முடியுமா?

அண்ணாமார், அக்காமார், அவசரமாக ஒரு உதவி வேணும். எங்கள் ரியூசனுக்கு வரும் பிள்ளை ஒன்றை, ஃபேஸ்புக்கில் பழகிய ஒருவன் அவளுடைய படமொன்றை வைத்து மிரட்டுகிறான். "ராத்திரிக்குள்ள காசு போடு, இல்லாட்டி உன்ர கொப்பருக்கு அனுப்புவன்" என்று மெசேஜ். பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லை, சாப்பாடும் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

ஒரு சதமும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், ஒருக்கால் கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான். மெசேஜ் எதையும் அழிக்கவில்லை, அவனுடைய கணக்கின் லிங்கையும் சேர்த்து ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகுதான் புளொக் பண்ணினோம்.

'டேக் இட் டவுன்' என்று 18 வயதுக்குக் கீழே எடுத்த படங்களுக்கு ஒரு இலவச சேவை இருக்கிறது. படத்தை அனுப்பத் தேவையில்லை, போனிலேயே அதற்கு ஒரு அடையாள எண் உருவாகி அது மட்டும்தான் போகும், அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை தடுக்கும். வட்ஸ்அப்பில் தனியாக அனுப்புவதை அது தடுக்காது, அதுதான் பயம். இதைச் செய்து பழகியவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

அப்புறம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு எடுத்தவர்கள், தமிழில் கதைக்க முடிந்ததா? பொலிசுக்குப் போனால் பெண் அலுவலரிடம் சொல்ல வழியுண்டா? பிள்ளையின் அம்மாவோடு பக்குவமாகக் கதைக்கக்கூடிய ஒரு அக்காவும் வேணும், அவவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவா என்றுதான் பிள்ளை நடுங்குகிறாள்.

தெரிந்தவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள். பிள்ளை யார், எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள்.