பொலிஸ் சேவையில் தமிழருக்கு வேலை எப்படி?

உப்புவெளியிலிருந்து கேள்வி: என் தங்கை கொன்ஸ்டபிள் பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். சிங்களம் கொஞ்சமே தெரிந்தவருக்கு அந்த வேலை எவ்வாறு அமையும் என்பதைத் திருகோணமலையில் பணியாற்றியவர்கள் கூறுவீர்களா?

ஓய்வுபெற்ற சார்ஜன்ட்: தம்பி, இலங்கை அரசியலமைப்புக்கு 1987ஆம் ஆண்டில் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தினால் தமிழும் ஆட்சிமொழியானது என்றாலும், நான் இருந்த நிலையத்தில், மூதூர் மீனவர் ஒருவர் தமிழில் சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, அவருக்கு வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்திலேயே கையொப்பம் வாங்கினார்கள். தமிழ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவனே என்பதால், விடுமுறை நாளிலும் மொழிபெயர்க்க அழைப்பு வரும்.

பெண் கொன்ஸ்டபிள்: ஐயா சொல்வது உண்மைதான். ஆயினும், இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தாய், நான் தமிழில் பேசியதும் கதிரையில் சாய்ந்து அமர்ந்ததை நான் மறக்கவில்லை. கோணேசர் கோயில் திருவிழாவுக்கு மட்டும் லீவு எதிர்பார்க்க வேண்டாம்!

கேட்டவர்: நன்றி ஐயா, நன்றி அக்கா. முதலில் சிங்கள வகுப்பில் சேர்த்துவிடுகிறேன்.