நூற்றுக்குப் பதினொரு பேர் எங்கே போனார்கள்?

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – காலை 9.12

இன்று காலை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடை முடித்து இட்லிக்கு உட்கார்ந்திருந்தோம். எங்கள் நடைக்குழுவுக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியை நண்பர் உரக்கப் படித்தார். “சர்க்கரை நோயால் வரும் கண் பாதிப்பைக் கணினி மருத்துவரைவிடச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. மதுரையிலேயே நிரூபித்துவிட்டார்கள். இனி கண் மருத்துவரைத் தேடி அலைய வேண்டாம்.” சுற்றி இருந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். ஆறு பேரில் நான்கு பேர் சர்க்கரை நோயாளிகள். எனக்கு இட்லி இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியை உட்காரவைத்து அந்த ஆய்வைத் தேடி எடுக்கச் சொன்னேன். 2019இல் ஜாமா ஆஃப்தல்மாலஜி இதழில் வந்திருக்கிறது. கூகுள் உருவாக்கிய நிரலை நம் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். அரவிந்தில் நோயைக் கண்டறிந்த அளவு 88.9 சதவீதம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நூறிலிருந்து 88.9ஐக் கழித்தால் 11.1. நூறு பேரில் பதினொரு பேரிடம் அந்த இயந்திரம் “உனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ” என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பதினொரு பேர் எங்கே போனார்கள்? இதற்குப் பதில் தெரிந்தவர்கள் மட்டும் எழுதவும்.

மேலூர் நிரலாளன் – காலை 9.40

ஐயா, வணக்கம். நான் இந்தத் துறையில் வேலை செய்கிறவன், அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் நூறு பேர், மருத்துவமனைக்கு வந்த நூறு பேர் அல்லர். நடுத்தர அளவிலோ அதற்கு மேலோ விழித்திரை பாதிப்பு உள்ள நூறு பேர். வருகிற நூறு சர்க்கரை நோயாளிகளில் இருபது பேருக்கு அப்படிப் பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தவறவிடுவது இரண்டு பேரைத்தான்.

அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது. பயிற்சி பெற்ற பணியாளர்களும் விழித்திரை நிபுணர்களும் அதே படங்களைத் தனித்தனியாகப் பார்த்தபோது, அவர்கள் கண்டறிந்த அளவு 73.4 முதல் 89.8 சதவீதம் வரைதான். உங்கள் பேத்தி அந்த வரியைப் படித்துக் காட்டவில்லையா?

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – காலை 9.58

என் பேத்தியை இதில் இழுக்க வேண்டாம். அவள் எல்லா வரியையும் படித்தாள். நான் கேட்டது பதினொரு பேரைப் பற்றி. இருபது, இரண்டு என்று நீங்களாக ஒரு கணக்கை வைத்துக்கொண்டு விடை சொல்கிறீர்கள். வைத்துக்கொள்வோம் என்று தொடங்கும் கணக்கில் என்ன விடையும் வரும், தம்பி. இதழில் அச்சாகியிருப்பது 88.9. மிச்சம் பதினொன்று.

மயிலாப்பூர் வாசி – காலை 10.21

மதுரைக் கணக்கை மட்டும் எடுத்துவைத்துப் பேசுவதுதான் சிக்கல். அதே ஆய்வில் சங்கர நேத்ராலயாவின் அளவு 92.1 சதவீதம். நோயில்லாதவரை நோயில்லை என்று சரியாகச் சொன்னது மதுரையில் 92.2, சென்னையில் 95.2. இரண்டிலும் சென்னையே மேல். ஆசிரியர் ஐயா தேடும் பதினொரு பேர் சென்னைக்கு வந்திருந்தால் அவர்களில் மூன்று பேராவது கிடைத்திருப்பார்கள்.

மேலூர் நிரலாளன் – காலை 10.30

இரண்டு இடத்து நோயாளிகளும் வேறு வேறு ஆட்கள். மூன்று புள்ளி வித்தியாசத்தை வைத்து ஊர்ப் பெருமை பேசக்கூடாது.

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – காலை 10.44

மயிலாப்பூர்க்காரருக்கு: 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியதுதான் அரவிந்த். முடக்குவாதம் அவருடைய விரல்களை முறுக்கிப்போட்டிருந்தது. அந்தக் கையால் கத்தியைப் பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்தார். 1992இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்ததும் இந்த ஊர்தான். மதுரையைப் பற்றிப் பேசும்போது சென்னைக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேசலாம்.

ஆனால் என் கேள்வி அதுவல்ல. பதினொரு பேர்.

திருமங்கலம் சம்சாரி – காலை 11.05

நான் படித்தவன் இல்லை. மகன் எழுதித் தருகிறான். எனக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. எங்கள் ஊரிலிருந்து கண் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் வேலை போகும். கண்ணின் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து போட்டால் அன்று முழுவதும் பார்வை மங்கிவிடுவதால் கூட ஓர் ஆள் வர வேண்டும். அவருடைய கூலியும் போகும். அதனால் எட்டு ஆண்டுகள் நான் போகவே இல்லை. வலி இல்லை, பார்வையும் தெளிவாகத்தான் இருந்தது. போன ஆண்டு பக்கத்து ஊர் முகாமில் ஒரு பெட்டிக்குள் கண்ணைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் “பாதிப்பு இருக்கிறது, உடனே போங்கள்” என்று சீட்டுக் கொடுத்தார்கள். லேசர் செய்துகொண்டேன். அந்தப் பெட்டி வந்திருக்காவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆசிரியர் ஐயா சொல்லும் பதினொரு பேருக்காக வருந்துகிறேன். நான் அந்த எண்பத்தொன்பதில் ஒருவன்.

தெப்பக்குளத்துக்காரி – காலை 11.32

முகாம்களில் விழித்திரைப் படம் எடுப்பதுதான் ஒன்பது ஆண்டுகளாக என் வேலை. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். இங்கே எல்லாரும் எண்ணை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சர்க்கரை கூடினால் விழித்திரையில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. குண்டூசி முனைபோல அங்கங்கே புடைக்கிறது, பிறகு கசிகிறது. அந்தப் புள்ளிகளைத்தான் நிரல் தேடுகிறது. படத்தில் புள்ளி தெரிந்தால்தானே தேட முடியும்? வயதானவர்களுக்குப் பாவை சுருங்கியிருக்கும், புரை வேறு இருக்கும், படம் பால்போல வெளுத்து வரும். கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டால் ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்க நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். தாய்லாந்தில் பதினொரு மருத்துவ நிலையங்களில் இதே கூகுள் நிரலை வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தெளிவில்லை என்று நிரல் ஒதுக்கிவிட்டது. அவர்களெல்லாம் இன்னொரு நாள் வேறு ஊருக்கு அலைய வேண்டும். நன்றாக இருட்டாக்கிய அறையில் நிதானமாக எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டு 88.9 என்று எழுதுவது வேறு, வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் எடுப்பது வேறு.

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – காலை 11.50

கேட்டீர்களா? துறையில் இருக்கும் அம்மாவே சொல்லிவிட்டார். பதினொன்று போதாதென்று இப்போது இருபத்தொன்றும் சேர்ந்துகொண்டது. மேலூர்த் தம்பி எங்கே?

தெப்பக்குளத்துக்காரி – காலை 11.54

ஐயா, நான் உங்கள் பக்கம் பேசவில்லை. நிரல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த 21 சதவீதம் நோயைத் தவறவிட்டதும் அல்ல, படத்தை ஒதுக்கியது. இரண்டையும் கூட்டாதீர்கள்.

மேலூர் நிரலாளன் – மதியம் 12.20

இங்கேதான் இருக்கிறேன். இந்த நிரலுக்கு 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். 54 மருத்துவர்கள் அந்தப் படங்களைத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். 2016இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அந்தப் படங்களில் நம் அரவிந்தின் படங்களும் உண்டு. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் எத்தனை விழித்திரைகளைப் பார்ப்பார்?

2018இல் அதே குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். விழித்திரைப் படத்தை மட்டும் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று நிரல் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது. வயதைச் சராசரியாக மூன்றேகால் ஆண்டு வித்தியாசத்துக்குள் சொல்கிறது. கண் மருத்துவர்களால் படத்தைப் பார்த்து ஆண், பெண் பிரிக்க முடியாது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதற்குத் தெரிகிறது. இதைப் பார்த்து வியக்காமல் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு பழைய செய்தியையும் நினைவூட்டுகிறேன். கீழடி விவாதத்தில் ஃபுளோரிடா ஆய்வகம் கரித்துண்டுக்குச் சொன்ன பொ.ஆ.மு. 580ஐ நான் கேள்வி கேட்டபோது, “வெளிநாட்டு ஆய்வகத்தின் முடிவையே சந்தேகிக்க நீ யார்?” என்று எழுதினீர்கள். இன்று வெளிநாட்டு இதழில் வந்த முடிவை நீங்களே சந்தேகிக்கிறீர்கள்.

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – மதியம் 12.41

ஒரு கரித்துண்டின் வயது முப்பது ஆண்டு முன்னே பின்னே போனால் யாருக்கும் கண் போகாது. அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கிறாயே! கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரியைப் பற்றி அன்று நீ கேட்டது கேள்வியே அல்ல, கிண்டல். அதை நான் மறக்கவில்லை.

ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள எனக்கு விழித்திரை தேவையில்லை. எதை வைத்துச் சொல்கிறது என்று அதைக் கட்டியவர்களுக்கே விளங்காத ஒன்றை எப்படி நம்புவது? வகுப்பில் விடையை மட்டும் எழுதி வழியை எழுதாத பையனுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

மயிலாப்பூர் வாசி – மதியம் 12.55

சென்னைக்காரர்கள் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எழுதியதற்கு ஆசிரியர் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை. சங்கர நேத்ராலயாவும் 1978லிருந்து ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கிறது. 92.1 என்பது அச்சில் இருக்கிறது.

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – மதியம் 1.10

வருத்தம் தெரிவிக்கும்படி நான் எதையும் எழுதவில்லை.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிடுகிறேன். என் தம்பி மளிகைக் கடை வைத்திருந்தான். என்னைவிட ஏழு வயது இளையவன். ஒரு முகாமுக்குப் போனான். “ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது” என்று அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில் கடையைத் திறக்க எழுந்தவனுக்கு வலக்கண்ணில் கருப்புத் திரை தொங்குகிறது. கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. ஊசி போட்டார்கள், அறுவை செய்தார்கள். அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஐந்நூறு ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்து கடையை மூடிவிட்டான். பதினொரு பேர் என்று நான் சொல்லும்போது உங்களுக்கு எண் தெரிகிறது. எனக்கு அவன் முகம் தெரிகிறது.

திருமங்கலம் சம்சாரி – மதியம் 1.18

மனம் கனக்கிறது ஐயா. தம்பியின் இன்னொரு கண்ணையாவது விடாமல் காட்டிக்கொண்டிருங்கள்.

தெப்பக்குளத்துக்காரி – மதியம் 1.25

வருந்துகிறேன் ஐயா. ஒன்று மட்டும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். அந்த முகாமில் எந்த வகைக் கேமராவில் படம் எடுத்தார்கள்? சொட்டு மருந்து போட்டார்களா?

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – மதியம் 1.47

கேமராவெல்லாம் இல்லை. ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். சொட்டு மருந்தும் போடவில்லை. அதற்கும் இதற்கும் என்ன?

மேலூர் நிரலாளன் – மதியம் 1.49

என்னவா? உங்கள் தம்பியைத் தவறவிட்டது இயந்திரம் அல்ல, ஒரு மனிதர்! படம் எடுத்து நிரலிடம் கொடுத்திருந்தால் நூற்றுக்கு எண்பத்தொன்பது வாய்ப்பு இருந்திருக்கும். காலையிலிருந்து நீங்கள் திட்டிக்கொண்டிருப்பது தப்பான ஆளை.

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – மதியம் 2.03

என் தம்பியின் கண்ணை வைத்து வாதத்தில் வெல்லப் பார்க்கிறாயா? உன் வயதில் நான் பெரியவர்களிடம் இப்படிப் பேசியதில்லை. மனிதன் தவறவிட்டால் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். நான் போய்க் கேட்டேன். அந்த மனிதர் தலைகுனிந்து நின்றார். நிரல் தவறவிட்டால் யார் முன்னால் போய் நிற்பது? யார் தலைகுனிவார்கள்? பதினொரு பேரும் எந்த வாசலில் போய் நிற்பார்கள்?

தெப்பக்குளத்துக்காரி – மதியம் 2.20

ஐயா, டார்ச் அடித்து விழித்திரையைப் பார்க்கவே முடியாது. அந்த ஆளுக்கு அந்த வேலையைச் செய்யும் தகுதியே இல்லை. நான் ஆத்திரப்படுவது அதற்குத்தான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. அத்தனை பேரையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க மருத்துவர்களுக்கு எங்கே போவது? தவறவிட்டவர்களை மறு ஆண்டு பிடிக்கலாம். வராதவர்களை எப்படிப் பிடிப்பது?

மேலூர் நிரலாளன் – மதியம் 2.26

இதைத்தான் நானும் காலையிலிருந்து சொல்கிறேன்.

தெப்பக்குளத்துக்காரி – மதியம் 2.31

நீங்கள் சொல்லவில்லை. நீங்கள் 1,28,175 என்று சொன்னீர்கள். போர்வை கட்டியது யார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மயிலாப்பூர் வாசி – மாலை 4.15

இரண்டு மணி நேரமாகப் பார்க்கிறேன், சென்னையின் 92.1ஐ ஒருவரும் மறுக்கவில்லை.

திருமங்கலம் சம்சாரி – மாலை 6.40

ஆசிரியர் ஐயா, தம்பி கண்ணைக் காட்டச் சொன்னேன், பதில் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை உண்டா? நீங்கள் கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது?

அனுப்பானடி கணக்கு ஆசிரியர் – இரவு 9.55

எனக்கு இருப்பதும் இல்லாததும் இங்கே பேச்சல்ல. நாளைக் காலை ரேஸ்கோர்ஸில் அந்தச் செய்தியை அனுப்பியவரை நேரில் பிடித்து இதே கேள்வியைக் கேட்கப்போகிறேன். காலை 9.12க்குக் கேட்டேன், இப்போது இரவு 9.55. பன்னிரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. பதினொரு பேர் எங்கே என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மயிலாப்பூர் வாசி – இரவு 10.02

மதுரையில் பதினொன்று. சென்னையில் எட்டு.