சர்வீஸ் சென்டர் 250 கி.மீ. தள்ளி இருந்தால் மின்சாரக் கார் வாங்கலாமா?

தொலைதூரன்:
கம்பெனி சர்வீஸ் சென்டர் 250 கி.மீ. தள்ளி. பக்கத்தில் இருப்பது பெட்ரோல், டீசல் வண்டி பார்க்கும் ஒர்க்‌ஷாப் மட்டும்தான். "ஈவிக்கு சர்வீஸே கிடையாது, தைரியமா வாங்கு" என்கிறார்கள் சிலர். "நின்னா நின்னதுதான், கிட்டவே போகாதே" என்கிறார்கள் சிலர். எதை நம்புவது? விவரமாகச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
வாங்கலாம். சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள்: டயர் மாற்றிப் போடுவது, கேபின் ஃபில்டர், வைப்பர், பிரேக் ஆயில், பல வருஷத்துக்கு ஒருமுறை கூலன்ட். கூலன்ட் தவிர மற்றதெல்லாம் பக்கத்து மெக்கானிக்கே செய்துவிடுவார். பிரேக் ஆயிலை மட்டும் கிலோமீட்டர் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். சும்மா நின்றாலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் அந்தத் தரம் கேட்பது 155 டிகிரிதான். பெரும்பாலான கம்பெனிகள் 2 வருஷம் என்று சொல்வது அதனால்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது காலிப்பர், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம். ரீஜென் (வேகம் குறையும்போது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) இருப்பதால் பேடு அதிகம் தேயாது, தேயாததால்தான் வினையே வருகிறது. டிஸ்க்கில் துரு ஏறும், காலிப்பர் பின் இறுகும். வருஷம் ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, காலிப்பர் பின்கள் இரண்டையும் உருவி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி மாட்டச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் பூட் உப்பி, அந்தப் பின்கள் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். விரலால் தள்ளினாலே பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

வோல்ட்மீட்டர்:
ஸ்பேனர் சார், நீங்கள் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அவர் கேட்டது அதுவா? கேபின் ஃபில்டருக்காக யாரும் 250 கி.மீ. போகப்போவதில்லை. 2024-இல் ஹூண்டாயும் கியாவும் ஐசிசியு என்ற சார்ஜிங் கட்டுப்பாட்டு யூனிட்டுக்காகப் பல மின்சார மாடல்களைத் திரும்ப அழைத்தன. அந்த யூனிட் பழுதானால், விளக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் இயக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் போகாது, ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி சக்தி இழக்கலாம். அதற்குத் தீர்வு சாஃப்ட்வேர் அப்டேட், தேவைப்பட்டால் யூனிட்டும் ஃப்யூஸும் மாற்றுவது. பக்கத்து ஒர்க்‌ஷாப் இதில் எதைச் செய்யும்? பெட்ரோல் வண்டியில் ஃப்யூயல் பம்ப் போனால் வெளிக்கடை பம்ப் மாட்டி அன்றைக்கே ஓட்டலாம். இங்கே யூனிட் கையில் கிடைத்தாலும், பல மாடல்களில் அதை வண்டியின் கம்ப்யூட்டரோடு சேர்க்க கம்பெனி ஸ்கேனர் (வண்டியோடு பேசும் சோதனைக் கருவி) வேண்டும்.

இன்னொன்று. பின் சக்கரத்தில் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருந்தால், சர்வீஸ் மோடில் போடாமல் காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் தள்ளக் கூடாது, மோட்டார் உடையும். சில மாடல்களில் அந்த மோடு திரையிலேயே இருக்கும், சிலவற்றில் ஸ்கேனர்தான் வழி. இது தெரியாத மெக்கானிக்கிடம் பேடு மாற்றக் கொடுப்பது ஆபத்து.

ஸ்பேனர்:
பார்க்கிங் பிரேக் விஷயம் நியாயம். ஆனால் ஐசிசியு மாதிரிப் பழுது அபூர்வம். "ஈவி செத்துப்போச்சு" என்று டோ வண்டி ஏறுவதில் பெரும்பாலும் சிக்கல் 12 வோல்ட் பேட்டரிதான். அது படுத்தால், பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சான கான்டாக்டர் மூடாது. சார்ஜ் 80 சதவீதம் இருந்தாலும் வண்டி ரெடி (ஓடத் தயாரான நிலை) ஆகாது, சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும்.

அதைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். கதவைத் திறந்தாலே கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு வோல்ட்டேஜ் இறங்கும். அதனால் முதலில் பானெட்டைத் திறந்து மீட்டரை மாட்டி, வண்டியைப் பூட்டி, சாவியைத் தூர எடுத்துப்போய் அரைமணி கழித்துப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் 12.6-க்கு மேல் நல்லது, 12.2 என்றால் பாதிதான், 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. அடுத்து ரெடியில் போட்டுப் பாருங்கள். 13-க்கு மேல் ஏறினால், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் சார்ஜ் செய்கிறது. ரெடியிலும் 12.3-லேயே நின்றால் புது பேட்டரி மாட்டிப் பயனில்லை, அப்போது வோல்ட்மீட்டர் சார் சொன்ன வகைப் பழுதுதான். சில மாடல்களில் 12 வோல்ட் பேட்டரியும் லித்தியம். அதற்கு இந்த அளவுகள் பொருந்தாது.

ஓம்விதி:
இரண்டு பேரும் ஏசியை விட்டுவிட்டீர்கள். பக்கத்து மெக்கானிக் ஈவியைக் கெடுக்க சுலபமான வழி அதுதான். பெட்ரோல் வண்டியின் ஏசி கம்ப்ரசரில் பிஏஜி என்ற வகை ஆயில். ஈவியின் மின் கம்ப்ரசரில் மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்து ஓடுகிறது, அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை ஆயில் போடுகிறார்கள். கேஸ் நிரப்பும் மெஷினின் ஹோஸில் மிச்சமிருக்கும் பிஏஜி கொஞ்சம் கலந்தாலே இன்சுலேஷன் (மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு) இறங்க ஆரம்பிக்கும். மின்சார வண்டிகளுக்கான ஐ.நா.வின் ஆர்100 விதிப்படி மாறுமின்னோட்டமும் நேர்மின்னோட்டமும் இணைந்த உயர் மின்சுற்றில் இன்சுலேஷன் தடை வோல்ட்டுக்குக் குறைந்தது 500 ஓம் வேண்டும், அதாவது 400 வோல்ட் வண்டிக்கு 2 லட்சம் ஓம். அதற்குக் கீழே போனால் பி0ஏஏ6 என்ற பழுதுக் குறியீடு விழலாம், வண்டி ரெடி ஆக மறுக்கலாம். அப்புறம் கம்ப்ரசரை மாற்றி, குழாய் முழுக்கக் கழுவ வேண்டியிருக்கும். ஒரு கேஸ் நிரப்பலில் வரும் சேதம் இது. பிஓஇக்குத் தனி மெஷின் இல்லாத இடத்தில் ஏசியைத் தொடவே விடாதீர்கள்.

கூலன்டும் அப்படித்தான். சில வண்டிகள் மின்கடத்தல் குறைந்த கூலன்ட் கேட்கும், கையேட்டில் உள்ளதைத் தவிர வேறெதையும் கலக்கக் கூடாது. மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற, பல மாடல்களில் பம்பையும் வால்வையும் ஸ்கேனரால் ஓட்ட வேண்டும். அளவு இறங்கிக்கொண்டே இருந்தால் ஊற்றிக்கொண்டே இராமல் கசிவைத் தேடுங்கள்.

வோல்ட்மீட்டர்:
ஓம்விதி மேடம் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். உள்ளூர் மெக்கானிக் தொடக் கூடாத பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. உயர் வோல்ட்டேஜ் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் எல்லாமே அதில் சேரும். பெரிய பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும் கெபாசிட்டர் அடங்கக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு அளந்து, 60 வோல்ட்டுக்குக் கீழே என்று உறுதியான பிறகே கை வைக்கலாம். பயிற்சி இல்லாதவரிடம் இதை எதிர்பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

ஓம்விதி:
அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தொடக் கூடாதது வேறு, அறிய முடியாதது வேறு. நல்ல ஓபிடி அடாப்டரும் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகுவது) அந்த மாடலுக்கான ஆப்பும் இருந்தால் பழுதுக் குறியீடுகளையும் பெரிய பேட்டரியின் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் வீட்டிலேயே பார்க்கலாம். குறியீட்டை அழிக்காமல் படமெடுத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, பார்ட்ஸ் வந்தபிறகு வண்டியை ஏற்றினால், ஒரு பயணத்தில் முடியும். பார்ட்ஸ் வருவதற்கு முன்பே வண்டி போய் அங்கே காத்துக் கிடப்பதில்தான் நாள் வீணாகிறது. பார்த்து முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், அதுவே 12 வோல்ட்டைக் குடித்துவிடும்.

தொலைதூரன்:
துரு பிடிக்காமல் இருக்க நானே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? டோ வண்டி பற்றியும் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:
வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத நேராக இருக்கும் சாலையில், நியூட்ரலில் போட்டு 60-லிருந்து நாலைந்து தடவை அழுத்தமாகப் பிரேக் பிடியுங்கள். ரீஜெனை மட்டும் குறைத்தால் போதாது, பல வண்டிகளில் பிரேக் பெடலே முதலில் ரீஜெனைத்தான் கூப்பிடும்.

வோல்ட்மீட்டர்:
டோ என்றால் நாலு சக்கரமும் தரையைத் தொடாத பிளாட்பெட் மட்டும்தான். நிரந்தரக் காந்த மோட்டார் சக்கரத்தோடு சுழன்றால் மின்சாரம் உற்பத்தியாகி, மோட்டாருக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் சுடும். 12 வோல்ட் செத்திருந்தால் நியூட்ரலும் விழாது, பார்க்கிங் பிரேக்கும் விடாது. வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலும் விடும், இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் உருளைத் தட்டு வைத்துத்தான் ஏற்ற வேண்டும். போனில் பேசும்போதே அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பானெட் மின் பூட்டாக இருந்தால், கரன்ட் இல்லாதபோது அதைத் திறக்கும் வழியை வாங்கும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே வண்டி, அதையே நம்பிப் பிழைப்பு என்றால் என் பதில் இன்னும் வேண்டாம் என்பதுதான். இரண்டாவது வண்டி இருந்தால் வாங்குங்கள். இலவச டோ எத்தனை கிலோமீட்டர் வரை, வீட்டுக்கே ஆள் அனுப்புவார்களா, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.