'ஸ்டாஃப்' என்பதற்குத் தமிழ்: பணியாளரா, உழையரா?

அன்புடையீர்,

படை வரலாறு, அரசு நிர்வாகம், தொழிலக மேலாண்மை ஆகிய மூன்று துறைகளின் பழைய நூல்களிலும் மொழிபெயர்ப்பாளரை இடறிவிடும் சொல் 'ஸ்டாஃப்'. 'லைன் அண்டு ஸ்டாஃப்' என்ற இணையில் வருவதைத்தான் சொல்கிறேன், பள்ளிக்கூடத்து 'ஸ்டாஃப் ரூம்' அல்ல. அந்த இணையில் 'லைன்' என்பது ஆணையிட்டும் ஆணையை ஏற்றும் வேலையை நேரடியாக நடத்தும் வரிசை; 'ஸ்டாஃப்' என்பது தலைவரின் அருகிலிருந்து திட்டமிட்டு உதவும் குழு. இதற்குப் 'பணியாளர்' போதும் என்று முன்மடலில் எழுதப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. களத்தில் நிற்கும் சிப்பாயும் வட்டாட்சியரும் தறி ஓட்டுபவரும் பணியாளர்களே. அவர்களிலிருந்து வேறான ஒரு கூட்டத்தைப் பிரித்துக் காட்டவே இச்சொல் வேண்டியிருக்கிறது.

1806இல் யேனாவில் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யாவின் (அன்றைய ஜெர்மானிய அரசுகளுள் ஒன்று) படையை அதன் அதிகாரி ஷார்ன்ஹார்ஸ்ட் திருத்தியமைத்தபோது, தளபதியின் அருகிலிருந்து நிலப்படம் பார்த்து, வழித்தடம் கணக்கிட்டு, ஆணையை வரைந்து, அது நிறைவேறுகிறதா என்றும் கவனிக்கிற, ஆனால் தன் பெயரில் ஒரு படையணியையும் நகர்த்த உரிமையற்ற அதிகாரிகளின் குழு வலுப்பெற்றது. 1857 முதல் அதன் தலைவராயிருந்த மோல்ட்கே, நேரடியாகத் தளபதிகளுக்கு ஆணை அனுப்பும் உரிமையை 1866 ஜூனில்தான் பெற்றார். அடுத்த மாதம் ஆஸ்திரியாவுடன் மோதிய கோனிக்கிரேட்ஸ் போர்க்களத்தில் அவரது ஆணையைப் பெற்ற ஒரு தளபதி, 'எல்லாம் சரி, யார் இந்த மோல்ட்கே?' என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ புனைவோ, பெயர் வெளியே தெரியாமல் பின்னிருந்து இயங்கும் ஸ்டாஃபின் இயல்பு அந்தக் கேள்வியில் இருக்கிறது.

தொழிற்சாலைகளுக்கு இதே அமைப்பைப் பரிந்துரைத்த அமெரிக்க மேலாண்மை வல்லுநர் ஹாரிங்டன் எமர்சன் 1912இல் மோல்ட்கேயையே முன்மாதிரியாகக் காட்டினார். 1937இல் அமெரிக்க அதிபருக்கு உதவியாளர்கள் தேவை என்று பரிந்துரைத்த பிரவுன்லோ நிர்வாகச் சீர்திருத்தக் குழு, அவர்கள் பெயர் வெளியே தெரியாமல் இருப்பதில் நாட்டமுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றது. நம் தலைமைச் செயலக அரசாணையின் அடியில் '(ஆளுநரின் ஆணைப்படி)' என்று அச்சிட்டு, அதன் கீழ்ச் செயலாளர் கையெழுத்திடுவதும் இந்த வகையே.

ஆகவே 'ஆலோசகர்' என்பதும் குறையுடையது. ஆலோசகர் கருத்தைச் சொல்லிவிட்டு எழுந்துபோகலாம், இவர் போக முடியாது. ஜெர்மன் 'ஷ்டாப்' என்பதற்குக் கோல் என்று பொருளாதலால் 'தண்டம்' என்ற சொல்லை எடுக்கலாமே என்று எனக்கும் ஒருகணம் ஆசை வந்தது. நம்மிடமும் தண்டம் கோலையும் படையையும் குறிக்கிறது. ஆனால் தண்டநாயகர் படையை நடத்துபவர், அதாவது நேர் எதிர்ப்பக்கம். தவிர, தண்டச்சோறு என்ற வழக்கு இருக்கும்வரை எந்த அதிகாரியும் அப்பெயரை ஏற்கமாட்டார்.

என் முன்மொழிவு 'உழையர்'. உழை என்றால் பக்கம், அருகு. அமைச்சு அதிகாரத்தில் வள்ளுவர், 'அறிகொன்று அறியான் எனினும் உறுதி உழையிருந்தான் கூறல் கடன்' என்கிறார். அரசன் கேளாவிட்டாலும் அருகிலிருப்பவன் உறுதியானதைச் சொல்லியாக வேண்டும். ஆணை மட்டும் அரசனுடையது. இங்கே வேண்டிய பொருளும் இதுதான். குழுவை 'உழையம்' என்றும், படைத்தலைமையில் இருப்பதைத் 'தலைமை உழையம்' என்றும் சொல்லலாம். லைனுக்கு முன்மடலில் முன்மொழியப்பட்ட 'நேர்நிலை' எனக்குச் சம்மதமே.

உழைப்பாளரோடு குழம்பும் என்ற மறுப்பு வரும், அது நியாயமானதே. சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தேவைப்படும். பணியாளர் என்று எழுதினால் அத்தனை பக்கங்களிலும் விளக்கம் தேவைப்படுகிறது.

இந்தியாவில் 1955இல் 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பதவிப்பெயர் நீக்கப்பட்டு 'சீஃப் ஆஃப் ஆர்மி ஸ்டாஃப்' வந்தது. தமிழ் நாளிதழ்கள் இன்றும் தலைமைத் தளபதி என்றே எழுதுகின்றன. அவ்வழக்கில் கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாற்றத்தை விவரிக்கும் வரலாற்று நூலில் இரு பெயர்களுக்கும் அதே தமிழை எழுதினால், 'தலைமைத் தளபதி பதவி தலைமைத் தளபதி பதவியாக மாறியது' என்றல்லவா வாக்கியம் அமைகிறது!